லிட்டருக்குப் பத்து

1

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து என் மைத்துனர் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். சுகம் விசாரித்தான். அவன் சுகம் விசாரித்தால் ஏதோ வண்டி வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். இந்தத் தடவை பழைய டீசல் பிக்கப். வாங்கியதோடு நிற்காமல் பின்தட்டை ஒரு முழம் நீட்டி, மேலே இரும்புக் கூண்டு அடித்திருக்கிறான்.

"மாமா, லிட்டருக்கு எட்டுதான் குடுக்கு. நீங்க பூனாவுல பாஸ்கர் வண்டிய பத்துக்கு மேல ஏத்திக் காட்டுனீங்களாம்லா. அது எப்படின்னு சொல்லுங்க."

போனில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல, எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும், ஊரில் இன்னும் நாலு பேருக்கும் இது தெரியட்டும் என்று தோன்றியது. புனேயில் இருப்பவன் என்றாலே விமான் நகரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன் என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. நாங்கள் தேஹு ரோட்டில் இருக்கிறோம். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. காலை ஆறு மணிக்கு நடை, ஏழு மணிக்குப் பால், எட்டு மணியிலிருந்து யாருக்காவது விண்ணப்பம் பூர்த்தி செய்தல். ஓய்வூதியத்தில் பெயர் திருத்தம், காஸ் இணைப்பு மாற்றம், இறந்தவர் கணக்கை முடித்தல் எல்லாவற்றுக்கும் இந்தக் குடியிருப்பில் நான்தான். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மகன் பாஸ்கரின் வண்டி சோதனையில் பத்துக்கு மேல் கொடுத்தது உண்மைதான். அந்த உண்மை எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இந்த ஊருக்கு வந்தேன். பெயர் வேண்டாம். வந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை போக்குவரத்துப் பிரிவு. வண்டிகள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கின்றன என்று ஆண்டுதோறும் மூன்று பேர் குழு சோதிக்கும். அந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவது என் வேலை. ஓட்டுநர் வந்து எண்ணைச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன், மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். என் பணிக்காலத்தில் எந்த வண்டியும் தோற்றதில்லை. ஏன் தோற்கவில்லை என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்கான பத்தி படிவத்தில் கிடையாது. சோதனை ஓட்டத்தின்போது நான் ஒரு வண்டியிலும் ஏறியதும் கிடையாது.

பாஸ்கர் எங்களுக்கு ஒரே பிள்ளை. டிப்ளமோ முடித்து போசரியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருந்தான். அதை மூடிவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் பிக்கப் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பிறக்கும்போது அது பெட்ரோல் வண்டி. யாரோ அந்த எஞ்சினைக் கழற்றி, வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை உட்காரவைத்திருந்தார்கள். கியர்பெட்டி இன்னொரு வண்டியுடையது. சக்கரங்கள் அதைவிடப் பெரிய ஏதோ ஒன்றுடையவை. மேலே இரும்புக் கூண்டு, முன்னால் யானை முட்டினாலும் தாங்கும் கம்பித்தடுப்பு, ஐந்து ஹார்ன்.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்திரி பாபுராவ், தேஹு ரோட்டுக்காரர், தகப்பன் காலத்திலிருந்து மெக்கானிக். இங்கே தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் அண்ணாதான். என்னைவிட இரண்டு வயது மூத்த பாபுராவுக்கும் நான் அண்ணா. "அண்ணா, இதுல எல்லாக் கம்பெனியும் இருக்கு. எந்தக் கம்பெனியும் பொறுப்பு இல்ல" என்றார். மனிதர் ஒரே வாக்கியத்தில் வண்டியைப் பதிவு செய்துவிட்டார்.

எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் தடவையிலேயே எல்லாத் தாளும் சரியாக இருந்ததால் கவுண்டரில் இருந்தவருக்குச் சந்தேகம் வந்து, இரண்டாம் தடவையாக எண்ணிப் பார்த்தார்.

வேலையும் கிடைத்தது. போசரியில் ஒரு பெரிய சமையற்கூடம். அங்கிருந்து விமான் நகர் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு போகும். சோறு, சப்பாத்தி, பருப்பு, அவர்கள் சாம்பார் என்று சொல்லும் ஒரு திரவம். அந்த நடைக்குப் பன்னிரண்டு வண்டிகளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். டீசலை அவர்களே நிரப்பிக் கொடுப்பார்கள். அதனால்தான் வினை. போக்குவரத்து மேலாளர் குல்கர்ணிக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது: லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்காத வண்டிக்கு அடுத்த வருட ஒப்பந்தம் கிடையாது. இரண்டு மாதத்தில் சோதனை.

பாஸ்கரின் வண்டி அப்போது கொடுத்தது எட்டேகால்.

என் மனைவி தனலட்சுமியின் தம்பி ஒருவன் மஸ்கட்டில் இருக்கிறான். அங்கே ஒரு காரேஜில் சூப்பர்வைசர் வேலைக்கு பாஸ்கரின் பெயரில் விசா அனுப்பியிருந்தான். மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

"டென் வந்தா இங்க. வரலேன்னா மஸ்கட். சிம்பிள்" என்றான் பாஸ்கர், சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டே. அவன் வீட்டில் பேசும் தமிழ் இப்படித்தான், தந்தி போல. கோபம் வந்தால் மராத்திக்குப் போய்விடுவான். சந்தோஷம் வந்தாலும் அங்கேதான் போவான்.

ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாததற்கு ஒரே காரணம் அவன் இங்கே இருந்ததுதான். அவன் மஸ்கட் போய்விட்டால் நாங்கள் இருவரும் இரண்டாம் மாடியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. யாரும் கேட்கவில்லை என்றாலும் கிடையாது. இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. "சோதனை முறையாக நடக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

3

நான் செய்த தவறு அடுத்த வாரமே நடந்துவிட்டது. தவறு என்று அப்போது தெரியவில்லை. மரியாதை என்று நினைத்தேன்.

என் பணி என்ன என்று பாஸ்கர் வாய்தவறிச் சொல்ல, குல்கர்ணி வண்டி அனுப்பி என்னைப் போசரிக்கு அழைத்தார். நாற்பது வயது இருக்கும். மேசையில் பேனாக்கள் உயர வரிசையில் நின்றன. எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

"அண்ணா ஸாஹேப், சோதனை வைக்கிறேன்னு சொல்லிட்டேன். எப்படி வைக்கிறதுன்னு தெரியல. இதையே தொழிலா செஞ்சவர் நீங்க. விதிமுறை எழுதிக் குடுங்க."

ஓய்வு பெற்ற பிறகு விதிமுறை எழுதிக் கொடுங்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினேன். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மூடிக்குத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் அளவுக் குவளையால் மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு.

இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது என்று ஒரு விதி. அது ஊரிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் ஒரு லாரிக்காரர் இருந்தார். செங்கோட்டை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே வந்து சேரும்வரை ஒரு சொட்டுச் செலவில்லை என்று கடைத்தெருவில் பெருமை பேசுவார். எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு வலு குறையும் என்பது அவருக்கு ஒரு நாள் வயலுக்குள் போய் நின்றபோது தெரிந்தது. நெல் கதிர்விட்டிருந்த சமயம். வயல்காரர் லாரியை மூன்று நாள் விடவில்லை. அந்த மனிதர் புனேயில் ஒரு கேட்டரிங் கம்பெனியின் மூன்றாம் விதியாக இன்றும் வாழ்கிறார்.

ஆறாம் விதி: மீட்டர் காட்டும் தூரமே இறுதியானது. ஒன்பதாம் விதி: சோதனை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வண்டியின் மீட்டரில் எவரேனும் கை வைத்தால் வண்டி தகுதி இழக்கும். பதிமூன்றாம் விதி: நடக்கும் சோதனை முடியும்வரை விதிகளில் திருத்தம் கிடையாது. இந்த மூன்றையும் எழுதியபோது குல்கர்ணி "வாஹ்" என்றார். மூன்று தடவையும்.

4

அதன்பிறகு வண்டியைத் திருத்தினோம்.

செய்ய வேண்டியவற்றைத் தமிழில் எழுதி பாஸ்கரிடம் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகும். அவன் அம்மா படித்துச் சொன்னாள், அவன் மராத்தியில் எழுதிக்கொண்டு போய்ப் பாபுராவிடம் கொடுத்தான். "வீணாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிடக் கூடாது" என்று நான் எழுதியது, அங்கே போய்ச் சேரும்போது "வண்டியைப் பார்த்து வீணாக உறுமக் கூடாது" என்று ஆகியிருந்தது. பாபுராவ் அதைத் தன் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

நானும் பட்டறைக்குப் போவேன். ஹிந்தியில் வண்டி பெண்பால். என் ஹிந்தியில் முப்பது வருடமாக அது ஆண். "வண்டி நிறையக் குடிக்கிறான்" என்றுதான் எனக்கு வரும். பாபுராவ் சிரிக்காமல், "அண்ணா ஆம்பிளையாக்கிட்டார். பின்ன குடிக்காம?" என்பார்.

ஆனால் அவர் வேலை தெரிந்தவர். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சரிபார்க்க அனுப்பினார். ஒன்று பீய்ச்சவில்லை, அழுதுகொண்டிருந்தது. காற்று வடிகட்டியைத் தட்டினால் ஒரு கைப்பிடி போசரி விழுந்தது. ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உராய்ந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். டயர்களில் சரியான காற்று. எல்லாம் முடிந்ததும் எட்டேகால் எட்டே முக்காலுக்கு வந்தது.

அடுத்து எடைக் குறைப்பு. கூண்டும் கம்பித்தடுப்பும் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போயின. ஐந்து ஹார்னில் நாலு போயின. பின்தட்டில் சாக்கு மூடிய உருண்டை ஒன்றிருந்தது. திறந்தால் எங்கள் வீட்டு ஆட்டுக்கல். தனலட்சுமி கல்யாணம் ஆன புதிதில் சரக்கு ரயிலில் வரவழைத்தது. வெறும் வண்டி துள்ளுகிறது என்று பாரத்துக்காக பாஸ்கர் எடுத்து வைத்திருக்கிறான். நான்கு மாதமாக அது வீட்டில் இல்லை என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. தனலட்சுமி கவனித்திருந்தாள். "கிரைண்டர் வந்தபொறவு அதுக்கும் ஊர் சுத்த ஆசை இருக்காதா" என்று விட்டுவிட்டாளாம்.

அப்புறம் ஓட்டும் விதம். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. சாம்பார் இருந்தது. அகலமான பாத்திரத்தில் விளிம்புக்கு நாலு விரல் கீழே நிற்கும் சாம்பார், வண்டியைச் சடாரென்று கிளப்பினால் பின்னால் போய் மோதும், சடாரென்று பிரேக் பிடித்தால் முன்னால் வந்து வழியும். கிளப்புவதிலும் பிடிப்பதிலும்தான் டீசல் வீணாகிறது. ஆகவே மூடியைச் சுற்றிச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தால் டீசல் மிச்சம். நான் கூடவே போய், விமான் நகரில் ஒவ்வொரு மூடியையும் விரலால் துடைத்துக் குறித்துக்கொண்டேன். ஐடிக்காரப் பிள்ளைகள் வரிசையில் நின்றபடி என்னை உணவு ஆய்வாளர் என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள். சாம்பாரில் வெல்லம் இருந்தது. அதையும் குறித்தேன், வேறு தாளில்.

நாலாம் நாள் நாசிக் பாட்டா சந்திப்பில் சிவப்பு விளக்கு. பாஸ்கர் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்பா, ஒரு விஷயம். வண்டில தேவை இல்லாத வெயிட் இன்னும் ஒண்ணு இருக்கு."

"எது?"

"செவன்டி எய்ட் கேஜி. கையில பேனா வெச்சிருக்கு."

மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போய் விமான் நகரில் காத்திருந்தேன்.

வண்டி ஒன்பதே கால் வரை வந்தது. கொஞ்சம் குறைய. மீட்டர் கணக்குப்படி ஒன்பது புள்ளி இரண்டு. அதற்குமேல் எதைச் செய்தாலும் அசையவில்லை. பாபுராவ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இதுக்கு மேல வேணும்னா மாடு பூட்டணும்" என்றார்.

மஸ்கட்டிலிருந்து மைத்துனன் வாரம் ஒரு முறை கூப்பிட்டுப் புறப்படும் தேதி கேட்டுக்கொண்டிருந்தான். பாஸ்கர் பெட்டி ஒன்று வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தான். நான் அந்தப் பக்கம் பெருக்கச் சொல்லவில்லை.

5

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மும்பை சாலையில் லோணாவ்லா வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். தனலட்சுமியும் வந்தாள். அங்கே சிக்கி என்ற பெயரில் விற்கும் கடலைமிட்டாய் வாங்க வேண்டுமாம். அவள் ஜன்னலோரம், நான் நடுவில், மடியில் பதிவுத் தாள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் மீட்டரைப் படித்து எழுதிக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள்: "பதினஞ்சு கல்லு ஆயிட்டு. உங்க மீட்டரு பதிமூணுங்குது."

பஸ்ஸில் போனாலும் ரயிலில் போனாலும் அவள் கிலோமீட்டர் கற்களை எண்ணுவாள். பாஸ்கர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனை அழாமல் வைத்திருக்க ஆரம்பித்த பழக்கம். அவன் நிறுத்திவிட்டான், இவள் நிறுத்தவில்லை.

"கல் நட்டவன் தப்பாக நட்டிருப்பான்" என்றேன்.

"பதினஞ்சு கல்லயுமா?"

பாஸ்கர் வண்டியை ஓரங்கட்டினான். திரும்பி வந்த வழியே போய் மறுபடி எண்ணினோம். மூன்று பேரும் எண்ணினோம். பதினைந்து கல்லுக்குப் பதின்மூன்று. லோணாவ்லா போகவில்லை. நேராகப் பாபுராவ் வீட்டுக்குப் போனோம். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

"ஆமா அண்ணா. பெரிய சக்கரம் ஒரு சுத்துல நிறைய தூரம் போகும். மீட்டர் சுத்தைத்தானே எண்ணும், ரோட்டையா பாக்குது? கம்மியாத்தான் காட்டும்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல. எழுதிட்டிருந்தீங்க."

அவர் வீட்டு வாசலிலேயே கணக்குப் போட்டேன். மீட்டரின்படி ஒன்பது புள்ளி இரண்டு. கற்களின்படி பத்து புள்ளி ஆறு. வண்டி ஏற்கனவே தேறிவிட்டது. ஒன்றரை மாதமாக நாங்கள் செய்த வேலை பலித்திருந்தது, எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பாஸ்கர் வண்டியின் கூரையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான். அப்புறம் பாபுராவிடம் மராத்தியில் மளமளவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். சந்தோஷமாக இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

பணிக்காலம் முழுவதும் நான் தட்டச்சு செய்த படிவத்தில் "மீட்டர் வாசிப்பு" என்று ஒரு பத்தி இருந்தது. கல்லுக்குப் பத்தி இல்லை. ஆகவே சாலையோரத்தில் கல் இருப்பது எனக்குத் தெரியாது.

6

திங்கட்கிழமை குல்கர்ணியைப் பார்க்கப் போனேன். பதினைந்து கற்களுக்கும் மீட்டர் வாசிப்புடன் ஒரு பட்டியல், கீழே மூன்று சாட்சிகளின் கையெழுத்து. தனலட்சுமியின் கையெழுத்தும் உண்டு.

அவர் பட்டியலை முழுவதும் படித்தார். தேநீர் வரவழைத்தார். பிறகு என் விதிமுறையை எடுத்து, ஆறாம் விதியை எனக்கே படித்துக் காட்டினார்.

"மீட்டர் காட்டும் தூரமே இறுதியானது. நீங்க எழுதினது."

"மீட்டர் தவறாக இருந்தால்?"

"சரி பண்ணலாம். ஆனா ஒன்பதாம் விதி. கை வெச்சா தகுதி போயிடும்."

"விதியைத் திருத்தலாம்."

"பதிமூணாம் விதி, அண்ணா ஸாஹேப்." அவர் குரலில் கிண்டல் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "இந்தக் கல்லுக்கு அளவு சரின்னு சான்று இருக்கா? இல்ல. இன்னைக்கு உங்க கல்லை நான் ஒத்துக்கிட்டா, நாளைக்குப் பதினோரு பேர் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிட்டு வருவாங்க. மேலே சண்டை போட்டு இந்த விதிமுறையைப் பாஸ் பண்ண வெச்சேன். இவ்வளவு ஓட்டையில்லாத விதிமுறையை நான் பாத்ததே இல்ல."

அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் நிதானமாக. தேநீரைக் குடித்தேன். எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் சொன்னேன். பாஸ்கர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்துத் தூசி தட்டினான். தனலட்சுமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அவன்ட்ட 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"வேலை இல்லாமல் எப்படி இருக்கச் சொல்வது? என்ன காரணம் காட்டுவது?"

"பெத்தவருன்னு காரணம் காட்டுங்க."

"அவன் வயதுக்கு வந்தவன். முடிவு அவனுடையது."

"அப்ப இந்த ரெண்டு மாசமா சாம்பார் மூடியத் துடைச்சீங்களே, அது யாரு முடிவு?"

நான் ஹாலுக்கு வந்து விதிமுறையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஓட்டையில்லாத விதிமுறை என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள். எட்டாம் விதியில் நின்றேன்: டயர்கள் நல்ல நிலையில், சரியான காற்றழுத்தத்துடன் இருக்க வேண்டும். அளவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

7

பாபுராவ் எங்கிருந்தோ நாலு சின்னச் சக்கரங்கள் கொண்டு வந்தார். பிக்கப் வண்டி, பெரிய மனிதர் ஒருவர் பேரனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போல் நின்றது. ஓட்டிப் பார்த்தோம். சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும், எஞ்சின் கத்தியது, சாம்பார் பாத்திரத்தில் ஊற்றியிருந்த தண்ணீர் சின்னச் சின்ன வட்டமாக நடுங்கியது. இப்போது பதினாறு கல்லுக்கு மீட்டர் பதினேழு காட்டியது. மீட்டரின்படி லிட்டருக்குப் பத்து புள்ளி இரண்டு. கற்களின்படி ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேல்.

பாஸ்கர் தாளை வாங்கிப் பார்த்தான்.

"மதலப், அதாவது, பெரிய சக்கரத்துல வண்டி நல்லா ஓடுது. அது ஃபெயில். இதுல டீசல் ஜாஸ்தி தின்னுது. இது பாஸ்."

"படிவத்தின்படி."

"டீசல் மிச்சம் பண்ணத்தான அவங்க டெஸ்ட் வெக்கிறாங்க?"

"இல்லை. டெஸ்ட் வைப்பதற்காக வைக்கிறார்கள். நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்."

சோதனை நாளன்று குல்கர்ணி முன்னால் உட்கார்ந்தார். உரிமையாளரின் தரப்பில் ஒருவர் பார்வையாளராக வரலாம் என்று நானே எழுதியிருந்ததால், பின்தட்டில் காலிப் பாத்திரங்களோடு நான். ஏறுவதற்கு முன் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சின்னச் சக்கரத்தின் முன் நின்றார்.

"சக்கரம் மாத்தியிருக்கீங்க."

"எட்டாம் விதி. டயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பார்க்கும் பார்வை. "இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

நூறு கிலோமீட்டர், மீட்டரின்படி. முத்திரை கிழித்தோம், குவளையால் ஊற்றினோம். பத்து புள்ளி இரண்டு. குல்கர்ணி அதை வட்டெழுத்துப் போல் அழகாக எழுதி, தாளை எஞ்சின் மூடியின் மேல் வைத்துப் பேனாவை பாஸ்கரிடம் நீட்டினார். பதினான்காம் விதி: மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உரிமையாளர் அறிவிக்க வேண்டும்.

பாஸ்கர் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றான். படித்தான். மறுபடி படித்தான். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில் பேசினான். குல்கர்ணிக்குப் புரியாது.

"அப்பா, இது உண்மை இல்ல."

"மீட்டர் காட்டியது உண்மை."

"நான் சைன் பண்ணா இங்க. பண்ணலேன்னா மஸ்கட், சாட்டர்டே ஃப்ளைட். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"பெரிய சக்கரத்தில் இந்த வண்டி பத்து புள்ளி ஆறு கொடுக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே தார்மிக அடிப்படையில்..."

"அது கேக்கல. நான் சைன் பண்ணணுமா? நீங்க சொல்லுங்க."

குல்கர்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சமையற்கூடத்திலிருந்து வெல்லம் போட்ட சாம்பார் வாசனை வந்தது. எனக்கு ஒரு விதியும் ஞாபகம் வரவில்லை.

"போடு" என்றேன்.

"எந்த ரூல்?"

"ரூல் ஒண்ணும் கிடையாது. போடுலே."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனை "லே" போட்டுக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. குனிந்து தேவநாகரியில் கையெழுத்துப் போட்டான். குல்கர்ணி நகல் ஒன்றை என்னிடம் கொடுத்துக் கைகுலுக்கினார்.

மாதாமாதம் மீட்டரைப் பார்த்தே கணக்கெடுப்பார்கள் என்பதால் பெரிய சக்கரத்தை மறுபடி மாட்ட முடியவில்லை. ஒப்பந்தம் இருந்த அத்தனை வருடமும் வண்டி சின்னச் சக்கரத்தில்தான் ஓடியது, தேவைக்கு மேல் குடித்துக்கொண்டு, நற்சான்றோடு. எடையைக் குறை, காற்றைச் சரிபார், சாம்பாரைச் சிந்தாதே என்று மைத்துனர் மகனுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மற்றது அவன் எந்தப் படிவத்தில் சோதிக்கப்படுகிறான் என்பதைப் பொறுத்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தனலட்சுமி முடிவைக் கேட்டாள். சொன்னேன். பாஸ்கர் குளிக்கப் போயிருந்தான்.

"அவன்ட்ட இருன்னு சொன்னீங்களா?"

"போடுன்னு சொன்னேன்."

"எத?"

"கையெழுத்த."

"சரி, அதுவே உங்களுக்கு அதிகம்" என்று சொல்லிவிட்டு, அவன் அடுக்கிவைத்திருந்த பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட ஆரம்பித்தாள்.